வேலந்தாவளத்துத் தரகரும் நான் தேர்ந்தெடுத்த காது மிஷினும்

எங்கள் காது பரிசோதனை மையத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. சுண்டைக்காய் அளவில் ஒரு புதுக் காது மிஷின். அதைக் காதில் வைத்துக்கொண்டு, போனில் உள்ள ஆப் கேட்கும் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதுமாம், அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளுமாம். பக்கத்தில் ஆளே வேண்டாம். படத்துக்குக் கீழே ரம்யா என்ற பெண் எழுதியிருந்தாள்: "சிவசாமி சார், முப்பத்து நாலு வருஷமா மிஷின் செலக்ட் பண்ணிக் கொடுத்திருக்கீங்க. உங்க அனுபவத்த எழுதித் தாங்க சார். ஆப்பவிட மனுசன்தான் மேலுன்னு காட்டலாம்."

மனுசன்தான் மேல் என்று காட்ட என்னைத் தேர்ந்தெடுத்தாள் பாருங்கள், அங்கேயே அந்தப் பிள்ளை சறுக்கிவிட்டாள். ஆனாலும் கேட்டுவிட்டாளே என்று உட்கார்ந்து எழுதுகிறேன். வெற்றிக் கதைகளை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். யோசித்துப் பார்த்தால், வெற்றி பெற்ற கேஸ் எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. மிஷின் சரியாக அமைந்தவர்கள் திரும்ப வருவதில்லை. திரும்பத் திரும்ப வந்து என் நினைவில் உட்கார்ந்துகொண்டவர்கள் எல்லாம் நான் கெடுத்தவர்கள்தான்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே ஒரு தவறான புரிதலில். பிளஸ் டூ முடித்ததும், ஆடியோமெட்ரி என்று ஒரு டிப்ளமோ இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். ஆடியோ என்று இருக்கிறதே, மைக் செட் போடும் படிப்பாக இருக்கும், எங்கள் ஊர் கொல்லங்கோட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் நாமே ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று போய்ச் சேர்ந்தேன். காது கேட்காதவர்களைச் சோதிக்கிற படிப்பு என்று தெரிந்தபோது பீஸ் கட்டியாகிவிட்டது. அப்பாவிடம் சொல்லப் பயந்து படித்து முடித்தேன்.

முதலில் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கிருந்து இடுக்கி எஸ்டேட்டுகளுக்குக் காது பரிசோதனை முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அப்படி ஒரு முகாமில், தேயிலை ஃபாக்டரியில் வாழ்நாளெல்லாம் மிஷின் பக்கத்தில் நின்று ரிட்டையர் ஆன ஒருவர் வந்தார். எங்கள் சோதனை எளிமையானது. ஹெட்போனை மாட்டிவிடுவோம். சின்னச் சின்ன சத்தமாக அனுப்புவோம். கேட்டால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். இவர் ஒன்று விடாமல் அழுத்தினார். எவ்வளவு குறைத்தாலும் அழுத்தினார். பச்சைப் பிள்ளையின் காது போல அருமையான ஆடியோகிராம் வந்தது. "உங்களுக்கு மிஷின் வேண்டாம், காது நன்றாக இருக்கிறது" என்று சீட்டு எழுதி அனுப்பினேன். சாயங்காலம் அவர் சம்சாரம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயா, இவுகளுக்குக் காது நல்லாக் கேக்குன்னு எழுதிக் குடுத்தீகளாமே? தலமாட்டுல வெடி வெச்சாலும் இவுக முழிக்க மாட்டாகய்யா!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் அசடு வழியச் சிரித்தார். "நீங்க அந்தக் குமிழத் திருகும்போதெல்லாம் அமுக்குனேன்யா. அமுக்காம இருந்தா நீங்க வருத்தப்படுவீகளேன்னு நெனச்சேன்" என்றார். எஸ்டேட்டில் மேலே உள்ளவர் கை அசைந்தால் கீழே உள்ளவர் கை அசைய வேண்டும். அந்த மரியாதையை அவர் எனக்கும் தந்திருக்கிறார். நான் அதை ஆடியோகிராமாக வரைந்து கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அன்றிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் சோதித்து வந்தேன்.

பிறகு கொல்லங்கோட்டில் இந்த மையம் வந்ததும் ஊரோடு வந்துவிட்டேன். பத்துப் பதினைந்து வருஷத்தில் எனக்கு ஒரு தோரணை வந்துவிட்டது. காதுக்குள் லைட் அடித்துப் பார்க்கும்போதே "ம்ம்" என்று ஒரு சத்தம் போடுவேன். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனால் வந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அப்போதுதான் பிந்து மேடம் வந்தார். முறையாக ஆடியோலஜி படித்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், எனக்கு மேலதிகாரி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நின்றபடியேதான் ஃபைல் படிப்பார். கடைசி நோயாளி போகிற வரை சாயா குடிக்க மாட்டார். வந்த வாரமே எங்கள் எல்லோருக்கும் ஓர் உத்தரவு போட்டார்: ஆளுக்கு ஒரு மிஷினை ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு வர வேண்டும். நான் மாட்டிக்கொண்டு போய் முறுக்கு தின்றேன். தலைக்குள் வீட்டை இடிப்பது போல இருந்தது. மறுநாள் "எங்ஙனெ உண்டாயிருந்து, சாரே?" என்று, எப்படி இருந்தது எனத் தன் மலையாளத்தில் கேட்டார். "பிரமாதமா கேட்குது மேடம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு ஃபைலை எடுத்தார்.

அவர் கொண்டுவந்த இன்னொன்று ஒரு படிவம். எந்த மிஷின் கொடுத்தோம், எங்கே கேட்பதற்காகக் கொடுத்தோம், பலன் என்ன என்று வரிசையாக இருக்கும். கடைசியில் ஒரு கட்டம்: பயன்படாவிட்டால் காரணம். அந்தக் கட்டத்தில் நான் எப்போதும் ஒன்றே எழுதுவேன்: "நோயாளி ஒத்துழைக்கவில்லை." இதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

இனி வேலுச்சாமி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலுச்சாமி அண்ணன் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகர். அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் நீளமான துண்டு. கூட வந்தது மகள் அமுதா, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவர் மனைவி இறந்த பிறகு மகள் வீட்டில்தான் இருந்தார். அமுதா உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சார், ரெண்டு தடவ அடிபட்டாச்சுங்க. ஒருக்கா பைக்கு இடிச்சது, ஒருக்கா மாடு தள்ளி உட்ருச்சு. ரெண்டுமே சத்தம் கேக்காமத்தானுங்க. இனி ஒருக்கா ஆச்சுன்னா சந்தைக்கு உட மாட்டனுங்க. ஊட்லயே உக்கார வெச்சுருவன். மிஷின் போட்டுக் கேட்டாருன்னா போகட்டும், இல்லாட்டி வேண்டாம்."

அவர் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழுக்கப் புரிந்திருக்கிறது. என் பக்கம் திரும்பி, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்: "ஊட்ல உக்கார வெச்சாங்கன்னா ஆறு மாசத்துல போய்ச் சேந்துருவனுங்க. பாத்துச் செய்யுங்க சார்."

பார்த்துத்தான் செய்தேன். முதலில் லைட் அடித்து, "ம்ம்" போட்டு, காதுக் குறும்பியை எடுத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக் கதவுள்ள அறையில் முக்கால் மணி நேரம் சோதித்தேன். கீழ் ஸ்தாயிச் சத்தம் ஓரளவு கேட்டது, மேலே போகப் போக ஆடியோகிராமின் கோடு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எவ்வளவு சத்தம் தாங்குவார், எதற்கு மேல் முகம் சுளிக்கிறார் என்று பார்த்தேன். பிறகு மிஷின் பொருந்துவதற்காகக் காதின் அச்சு எடுக்கிற வேலை. நூல் கட்டிய பஞ்சுத் துண்டை உள்ளே வைத்து, ரோஸ் நிறப் பசையைப் பிசைந்து ஊசிக்குழாயில் அடைத்துக் காதுக்குள் நிரப்பி, இறுகும் வரை அசையாமல் இருக்கச் சொன்னேன். சிலை மாதிரி இருந்தார். இறுகியதும் காதைப் பின்னால் இழுத்து, பசையை முறுக்கி எடுத்தேன். ஒரு பிசிறு இல்லை. அந்த அச்சைப் பிந்து மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் கேட்காமலே.

மிஷின் தேர்வு செய்யும்போது நான் இரண்டு காதுக்கும் வேண்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறதையேதான் அவரும் சொன்னார். "ஒண்ணு போதுமுங்க. ரெண்டு காதுலயும் மாட்டிட்டுப் போனா செவுட்டுத் தரகன்னு பேரு உழுந்துரும்." நான் உடனே ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனசு அப்போதே வேறொன்றில் இருந்தது. இரண்டு சாதாரண மிஷினுக்கு ஆகிற செலவில் ஒரே ஒரு உயர்ந்த மிஷின் வாங்கலாம். அது புதிதாக வந்திருந்தது. யாருக்காவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

படிவத்தில் கேட்டேன்: "எங்கீங்க அதிகமாக் கேக்கோணும்?"

"சந்தையிலதானுங்க."

"இரைச்சல் மிகுந்த இடம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். சந்தையில் எதைக் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. தரகர் என்றால் பேசிப் பிழைப்பவர், சந்தை என்றால் கூச்சல், கூச்சலில் பேச்சு கேட்க வேண்டும், அவ்வளவுதானே? இது எனக்கு அரை நொடியில் தெரிந்துவிட்டது. முப்பது வருஷ அனுபவம் அல்லவா.

"அண்ணா, இந்த மிஷினுக்கு ஒரு விசேஷமுங்க. உங்களுக்கு முன்னால நிக்கறவர் பேச்ச மட்டும் எடுத்துக் குடுக்கும். பின்னால, பக்கத்துல இருக்கற இரைச்சல அதுவே அமுக்கீரும்" என்றேன்.

"அப்பிடீங்களா" என்றார் அவர்.

பொருத்திவிட்டு, அறையில் ஸ்பீக்கரில் கூட்ட இரைச்சலை ஓட விட்டேன். கம்பெனிக்காரர்கள் கொடுத்த ரெக்கார்டிங். எந்த நாட்டுக் கூட்டமோ தெரியாது, யாரோ ஸ்பூனால் பீங்கான் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் முன்னால் நின்று சாதாரணக் குரலில் பேசினேன். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். அமுதாவிடம், அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றேன். "அப்பா" என்றார் அவர், மெதுவாக. "ஏஞ் சாமி" என்றார் வேலுச்சாமி அண்ணன், அதே அளவுக்கு மெதுவாக. அமுதா அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, என் திறமையை நினைத்து.

இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்க வந்தார். கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தால், ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் மாட்டியிருக்கிறார். அந்தத் திரையை மையத்தில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். துப்புரவு செய்ய வந்த அம்மாவையும் விடவில்லை.

அடுத்த வாரம் அமுதா தனியாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மேஜை மேல் கொட்டினார். என் மிஷின் நாலு துண்டாகக் கிடந்தது. குளம்பு பட்டு நசுங்கியிருந்தது.

லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. சந்தையே கத்தியிருக்கிறது. வேலுச்சாமி அண்ணன் எதிரில் நின்றவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாராம். அது பின்னாலிருந்து வந்து தூக்கிப் போட்டிருக்கிறது. தோள் எலும்பு முறிந்து பாலக்காட்டில் படுத்திருந்தார். கொம்பு ஒரு சாண் உள்ளே தள்ளிப் பட்டிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டரைத் திறந்தேன். போன வாரத்துப் பதிவை எடுத்து அமுதாவுக்குக் காட்டினேன். "பாருங்க அம்மிணி, எல்லாம் சரியா வேல செஞ்சிருக்குது. மிஷின் மேல தப்பு இல்லீங்க" என்றேன்.

"மிஷின் மேல தப்புன்னு நான் சொல்லலீங்களே சார்" என்றார் அமுதா. கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "முன்னாடி காது சுத்தமாக் கேக்காதப்ப, நிமிசத்துக்கு ஒருக்காத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே நிப்பாருங்க. அதனாலதான் ரெண்டு தடவையோட தப்பிச்சாரு. இதப் போட்டதுக்கப்பறம் நமக்குத்தான் கேக்குதேன்னு திரும்பிப் பாக்கறதையே உட்டுட்டாருங்க."

அவர் போன பிறகு படிவத்தை எடுத்தேன். கை பழக்கத்தில் எழுதியது: "நோயாளியின் கவனக்குறைவு." கொஞ்சம் மாற்றி எழுதியதில் ஒரு திருப்தி வேறு. பிந்து மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் நின்றபடி படித்தார்.

"சாரே, நிங்ஙள் ஆ சந்தையில் போயிட்டுண்டோ?"

"பஸ்ஸுல அந்த வழியா எத்தனையோ தடவ போயிருக்கேன் மேடம்."

"உள்ளில்?"

உள்ளே போனதில்லை. பஸ் அந்த ஜங்ஷனில் நிற்கும்போது நாற்றத்துக்காக ஷட்டரை இறக்கிவிடுவேன். மேடம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு அடித்தார். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "காரணம் எழுதிக்கோளூ" என்றார்.

"தேர்வு தவறு. சிவசாமி" என்று எழுதினேன். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் எழுதுவது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஒரு மனுஷனை நான் முதுகுப் பக்கம் செவிடாக்கி, கொம்புகளுக்கு நடுவே அனுப்பியிருக்கிறேன். அதுவும் விளக்கம் சொல்லி, டிக் போட்டு, கண் கலங்கி.

அடுத்த சந்தை நாளில் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ் ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டே போனேன், அபராதம் மாதிரி. உள்ளே நுழைந்து ஓர் ஓரமாக நின்று பார்த்தேன். சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் பேரம் பேசும் சத்தம் எங்கேயும் இல்லை. விலை பேசுகிற இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். அதன் மேல் தரகர் துண்டு விழுகிறது. உள்ளே விரலைப் பிடிக்கிறார்கள், விடுகிறார்கள், மடக்குகிறார்கள். எந்த விரலுக்கு என்ன கணக்கு என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே முகத்தைப் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியக் கூடாது, அதுதான் ஏற்பாடு. அந்தத் தொழிலுக்குக் காதே தேவையில்லை. வேலுச்சாமி அண்ணன் அத்தனை வருஷம் காது கேட்காமல் தரகு பார்த்தது அப்படித்தான்.

காது எதற்குத் தேவை என்பதும் அரை மணி நேரத்தில் தெரிந்தது. பின்னால் சங்கிலி இழுபடுகிற சத்தம். லாரியில் பலகை விழுகிற சத்தம். கழுத்து மணி. "தள்ளு, தள்ளு" என்ற கத்தல். எல்லாமே முதுகுப் பக்கம் இருந்து வருபவை. என் உயர்ந்த மிஷின் இரைச்சல் என்று கருதி, பொறுப்பாக அமுக்கி வைத்தவை.

மறுநாள் பிந்து மேடத்திடம் சொன்னேன். இரண்டு காதுக்கும் இரண்டு சாதாரண மிஷின். எல்லாப் பக்கத்துச் சத்தமும் எடுக்கிற மாதிரி. ஒரு காதில் மட்டும் போட்டால் சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரியாது, இரண்டும் கேட்டால்தான் தெரியும். படிப்பின் முதல் வருஷத்தில் வருகிற பாடம் இது. அந்த வருஷம் நான் மைக் செட் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மேடம் தலையை ஆட்டினார். கம்பெனியோடு பேசி, நசுங்கியதற்கு மாற்றாக அந்த இரண்டையும் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

தோள் கூடி இரண்டு மாதம் ஆன பிறகு, அவற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேலுச்சாமி அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பழைய கனம் உடம்பில் இல்லை.

அமுதா என்னை உள்ளே வரச் சொல்லவே யோசித்தார். "இனி எதுக்குங்க சார்? சந்தைக்குப் போறதில்லைன்னு அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "சந்தை நாளன்னைக்குக் காலைல குளிச்சு, துண்டப் போட்டுட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவாருங்க. பத்து மணிக்கு மேல துண்ட எடுத்து மடிச்சு வெச்சுருவாரு." சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "சரிங்க. சந்தைக்குள்ளயே வெச்சு சோதிங்க. நானும் வாரன். என்ற கண்ணால பாக்கோணும்."

அப்படித்தான் நான் ஒரு சந்தை நாளில், வேலந்தாவளத்தில், மாடாக வேலை பார்த்தேன். வேலுச்சாமி அண்ணனை டீக்கடை ஓரம் நிற்க வைத்தோம். இரண்டு காதிலும் மிஷின். திரும்பிப் பார்க்கக் கூடாது, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க வேண்டும். நான் ஒரு லாரிக்காரரிடம் சங்கிலி இரவல் வாங்கி, ஒரு மாட்டு மணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் இடமும் வலமும் ஓடினேன். சங்கிலியை இழுத்தேன். "தள்ளு, தள்ளு" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது.

"இது எந்த ஊரு உருப்படிங்க?" என்றார் ஒருவர்.

"பல்லப் புடிச்சுப் பாக்கலாமுங்களா?" என்றார் இன்னொருவர்.

சங்கிலிக்குச் சரியான கையைத் தூக்கினார். மணிக்குத் தூக்கினார். கத்தலுக்குத் தூக்கினார். தூரத்தில் லாரிப் பலகை விழுந்ததற்கு, நான் சொல்லாமலே இடது கையைத் தூக்கினார். எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சகதியில் வெறுங்காலோடு நடந்து போனேன். அவர் கை எழும்பவில்லை. அந்த நேரம் பார்த்து, கயிறில்லாத ஒரு கன்று அவர் முழங்கைக்குப் பின்னால் உரசாத குறையாகப் போனது. அவருக்குத் தெரியவே இல்லை. அமுதா அதைப் பார்த்துவிட்டார்.

அவர் என்னைத்தான் பார்த்தார். அண்ணனும் திரும்பி என்னைத்தான் பார்த்தார். 'நல்லாக் கேக்குதுங்க, கவலையே வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷனுக்குச் சந்தை கிடைத்துவிடும். அந்த வார்த்தையை வாழ்நாளெல்லாம் தாராளமாகச் சொன்னவன் நான். நாக்கு வரைக்கும் வந்தது.

"அண்ணா, இதுக்கு மேல என்னால முடியாதுங்க" என்றேன். அவருக்கு நேர் முன்னால் நின்று, மெதுவாகச் சொன்னேன். "சங்கிலி, மணி, வண்டி, கத்தல் எல்லாம் கேக்கும். திசையும் தெரியும். ஈர மண்ணுல காலடி கேக்காது. எந்த மிஷின் போட்டாலும் கேக்காது. நீங்க திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் நிக்கோணும். முன்ன நான் சொன்னது தப்புங்க. நீங்க அடிபட்டது என்னாலதான்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். வேலுச்சாமி அண்ணன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். போச்சு, மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகள் பக்கம் திரும்பி வலது கையை நீட்டினார்.

அமுதா ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தன் கையைக் கொடுத்தார். அவர் துண்டை மேலே போட்டார்.

தரகர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. துண்டு அசைந்தது. அமுதா தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி அசைந்தது. இப்போது அமுதா விரலைப் பிடித்து மடக்குகிறார் போலிருந்தது, அண்ணன் முகம் சுருங்கியது. அப்பாவும் மகளும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தமே இல்லை. நான் சங்கிலியைக் கையில் பிடித்தபடி, மணியைக் கழற்ற மறந்து, பக்கத்தில் நின்றேன். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு உன்னிப்பாக எதையும் கவனித்ததில்லை.

கடைசியில் அமுதா கையை உருவிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "பத்து மணி வரைக்குந்தான். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது. எறக்கற எடத்துப் பக்கமே போகக் கூடாது. இந்த டீக்கடைச் செவுத்துல முதுக ஒட்டிட்டு நிக்கோணும். யாவாரம் வேணுங்கறவங்க இங்க வரட்டும்."

சுவர். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தால் எந்த மாடும் பின்னாலிருந்து வராது. ஆடியோகிராம், அச்சு, கம்ப்யூட்டர், இரண்டு விதமான மிஷின், முப்பது சொச்சம் வருஷ அனுபவம் எல்லாம் இருந்தும் எனக்கு அந்தச் சுவர் தோன்றவில்லை. ஒரு தமிழ் டீச்சருக்குத் தோன்றியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் சாய்ந்து நிற்பவருக்கு, முன்னால் பேசுவதை மட்டும் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பழைய உயர்ந்த மிஷினே போதும். அதைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

வேலுச்சாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போய்ச் சுவரில் முதுகை வைத்து நின்றார். நின்ற கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பில் பழைய கனம் திரும்பி வந்தது போல இருந்தது. ஒருவர் மாட்டுக் கயிற்றோடு அவரைப் பார்த்து நடந்து வந்தார். எனக்கு மறுபடியும் கண் கலங்கியது. இந்தத் தடவை என் திறமையை நினைத்து இல்லை.

அப்போது அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சார், அங்க நிக்காதீங்க! லாரி எறக்கற வழி அது. அங்கதான் என்னையத் தூக்கிப் போட்டுது. பின்னால சங்கிலிச் சத்தம் கேக்கலீங்களா?"

எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் ஒரு எருமை வந்துகொண்டிருந்தது. ஓடிப் போய் அவர் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.